பல் அளவு எடுக்க ஆல்ஜினேட்டா, சிலிகோனா, பாலிஈதரா, ஸ்கேனரா: எதில் எவ்வளவு பிசகு?

பல்லின் மேல் மாட்டும் கேப் உட்காரவில்லை என்றால் டாக்டர் அதைச் செய்த லேபைக் குறை சொல்வார். லேப்காரர் மாடலை (வாயின் நகலை) கையில் எடுத்து, "இதுல கச்சிதமா உக்காருது பாருங்க" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கேப் மாடலுக்குப் பொருந்துகிறது, மாடல்தான் வாய்க்குப் பொருந்தவில்லை. அந்த வித்தியாசம் பெரும்பாலும் அளவு எடுத்த பத்து நிமிடத்தில் நுழைந்திருக்கும், அல்லது இம்ப்ரஷன் (வாயில் எடுத்த அச்சு), ஸ்டோனுக்காக (அச்சில் ஊற்றி மாடலாக்கும் ஜிப்சம் மாவுக்காக) காத்துக் கிடந்த நேரத்தில் நுழைந்திருக்கும்.

எந்த மெட்டீரியல் மிகத் துல்லியம் என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. அளவு எவ்வளவு நீளத்துக்கு, ஸ்டோன் எத்தனை மணி நேரம் கழித்து ஊற்றப்படும், மார்ஜின் (கேப்பின் ஓரம் முடியும் கோடு) ஈறுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால் பதில் தானாகவே சுருங்கிவிடும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த மூன்றையும் வைத்தே செய்யப்படுகிறது.

மைக்ரான் கணக்கு

கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரை தாங்கும் என்பதற்கு இன்றும் எல்லாரும் எடுத்துச் சொல்லும் எண் 120 மைக்ரான். மக்லீனும் ஃபான் ஃப்ரான்ஹோஃபரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப்களை ஐந்து வருடம் கவனித்து 1971-ல் சொன்னது. இந்த 120-க்குள்தான் இம்ப்ரஷன், ஸ்டோன், மெழுகு, வார்ப்பு அல்லது மில்லிங், சிமென்ட் என்று எல்லாப் பிசகும் அடங்க வேண்டும். சிமென்ட் படலம் மட்டுமே 25 மைக்ரான் எடுத்துக்கொள்ளும். ஆகவே இம்ப்ரஷன் பங்குக்கு 30, 40 மைக்ரானுக்கு மேல் ஒதுக்க முடியாது.

இப்போது மெட்டீரியல்களை அருகருகே வைப்போம். சுருக்கம் 24 மணி நேரத்துக்கானது. எண்கள் தோராயமானவை, பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும்.

| மெட்டீரியல் | சுருக்கம் | அழுத்தி விட்டபின் திரும்பாத உருமாற்றம் | ஸ்டோன் ஊற்ற வேண்டிய நேரம் |
|---|---|---|---|
| ஆல்ஜினேட் | ஈரத்தைப் பொறுத்தது, நம்ப முடியாது | 1.5–2% | 10–15 நிமிடத்துக்குள் |
| பாலிசல்ஃபைடு | 0.40–0.45% | 2–3% | 1 மணிக்குள் |
| காண்டன்சேஷன் சிலிகோன் | 0.4–0.6% | 1–2% | கூடிய சீக்கிரம் |
| அடிஷன் சிலிகோன் | 0.15–0.2% | 0.5%-க்கும் கீழ் | 1 மணி கழித்து, 1 வாரம் வரை |
| பாலிஈதர் | 0.2–0.3% | சுமார் 1% | உலர்வாக வைத்தால் 1 வாரம் வரை |

சதவீதத்தை நீளத்தால் பெருக்கிப் பார்த்தால்தான் இதன் பொருள் புரியும். 10 மி.மீ. அகலக் கடைவாய்ப் பல் ஒன்றில் 0.5% சுருக்கம் 50 மைக்ரான், 0.15% சுருக்கம் 15 மைக்ரான். ஒரு பக்கக் கடைவாய்ப் பல்லிலிருந்து மறுபக்கக் கடைவாய்ப் பல் வரை குறுக்கே 50 மி.மீ. என்று வைத்தால் அதே சதவீதங்கள் 250 மைக்ரானாகவும் 75 மைக்ரானாகவும் ஆகிவிடும். ஒற்றைக் கேப்பில் சமாளித்துவிடும் மெட்டீரியல் முழுத் தாடை பிரிட்ஜில் (பல பற்களைச் சேர்த்துக் கட்டும் பாலத்தில்) கைவிடுவது இதனால்தான்.

சுருங்கும் திசையையும் கவனிக்க வேண்டும். அட்ஹெசிவ் (வாய்க்குள் மெட்டீரியலைத் தாங்கும் ட்ரேயோடு அதை ஒட்டும் பசை) நன்றாகப் பிடித்திருந்தால் மெட்டீரியல் ட்ரே சுவரை நோக்கி இழுபடும். பல்லின் குழி பெரிதாகும், டையும் (அந்த ஒரு பல்லின் ஸ்டோன் நகலும்) கொஞ்சம் பெரிதாக வரும், கேப் தளர்வாக இருந்தாலும் உட்காரும். அட்ஹெசிவ் விட்டுப்போன இடத்தில் மெட்டீரியல் தனக்குள்ளேயே சுருங்கும். டை சிறியதாகும், கேப் உட்காரவே உட்காராது. அதனால் ட்ரேயில் துளை இருக்கிறதே என்று அட்ஹெசிவை விட்டுவிடக் கூடாது. அந்தந்த மெட்டீரியலுக்குரிய அட்ஹெசிவை மெல்லிய ஒரே பூச்சாக, ட்ரேயின் வெளி விளிம்பைத் தாண்டியும் சில மி.மீ. பூசி, 10 நிமிடமாவது உலர விட வேண்டும். ஈரமாக இருக்கும் அட்ஹெசிவ் பிடிக்காது, வழுக்கும்.

ஆல்ஜினேட்: எதிர்ப்பக்க மாடலில் ஒளிந்திருக்கும் பிசகு

கேப் வேலைக்கு யாரும் ஆல்ஜினேட்டில் அளவு எடுப்பதில்லை. ஆனால் அந்தக் கேப்புக்கு எதிர்ப்பக்கத் தாடையை ஆல்ஜினேட்டில்தான் எடுக்கிறோம். கேப் உயரமாக வந்து கால் மணி நேரம் தேய்த்துக்கொண்டிருக்கும் கேஸ்களில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். வேலைப்பக்கம் அருமையான சிலிகோன் இம்ப்ரஷன், எதிர்ப்பக்கம் மூன்று மணி நேரம் கழித்து ஊற்றிய ஆல்ஜினேட் என்றால் கடி எப்படிச் சரியாக வரும்?

ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் விட்டால் தண்ணீர் வெளியேறிச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். ஈர டிஷ்யூவில் சுற்றி மூடிய பையில் வைத்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாகக் கசிந்து வெளிவரும். ஈரப் பையில்கூட அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள். சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சில் சுற்றுவது உலர விடுவதைப் போலவே தவறு. ஐந்து நாள் வரை தாங்கும் என்று விற்கும் ஆல்ஜினேட்கள் உண்டு. மூடிய பையில் வைத்தால் அவை சாதாரண ஆல்ஜினேட்டை விட நன்றாகவே நிற்கின்றன. மாடல் லேபில்தான் ஊற்றப்படும் என்றால் அவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணில்லை.

கலக்கும்போது நடக்கும் தவறுகள் இவை. டப்பாவைக் குலுக்காமல் பவுடர் எடுத்தால் அடியில் அமுங்கிய பவுடர் ஸ்கூப்பில் அதிகம் வரும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சித்திரை வைகாசியில் 35 டிகிரியைத் தாண்டும், அதில் கலந்தால் ட்ரே வாய்க்குள் போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும். இறுகத் தொடங்கியதை அமுக்கினால் உள்ளே அழுத்தம் தங்கும், வெளியே எடுத்ததும் அது விடுபட்டு உருமாறும். 20 டிகிரி சுற்றில் தண்ணீர் வேண்டும், கூலர் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்து ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் போதும். கிண்ணத்தின் சுவரில் தேய்த்துத் தேய்த்து 45 நொடி முதல் 1 நிமிடம் வரை கலக்க வேண்டும்.

ட்ரேக்கும் பல்லுக்கும் நடுவே 3 மி.மீ. ஆவது ஆல்ஜினேட் இருக்க வேண்டும். விரலில் ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் 2 முதல் 3 நிமிடம் வாயிலேயே வைத்திருங்கள். கிழியாத பலம் அந்த நிமிடங்களில்தான் வருகிறது. எடுக்கும்போது ஒரே வெடுக்கில் எடுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி எடுத்தால் அண்டர்கட் (பல்லின் உள்வாங்கிய) பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பி வராது. ஊற்றிய ஸ்டோனை 45 நிமிடம் முதல் 1 மணிக்குள் பிரித்துவிடவும். ராத்திரி முழுக்க விட்டால் காய்ந்த ஆல்ஜினேட் மாடலின் மேற்பரப்பை அரித்துச் சுண்ணாம்பு போலாக்கிவிடும்.

காண்டன்சேஷனா, அடிஷனா

நம் ஊர் கிளினிக்குகளில் இன்னும் அதிகம் புழங்குவது காண்டன்சேஷன் சிலிகோன். ஜீட்டாபிளஸ், ஸ்பீடெக்ஸ் போன்ற பெரிய டப்பா புட்டியும் (மாவு போன்ற கெட்டி மெட்டீரியல்), பக்கத்தில் ஒரு ட்யூப் கேட்டலிஸ்டும் (இறுக வைக்கும் பொருள்). விலை குறைவு, கையுறை எதுவானாலும் பிரச்சினை இல்லை. பார்த்தவுடன் இம்ப்ரஷனில் குறை ஏதும் தெரியாது.

குறை வேதியியலில் இருக்கிறது. இது இறுகும்போது எத்தில் ஆல்கஹால் உண்டாகிறது. அது ஆவியாகிப் போகப் போக மெட்டீரியல் சுருங்கும். சுருக்கத்தின் பெரும் பங்கு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். புட்டியில் நிரப்பிப் பொருள் (ஃபில்லர்) அதிகம் என்பதால் அது குறைவாகச் சுருங்கும், புட்டியோடு சேர்த்து மார்ஜினைப் பிடிக்கப் போடும் நீர்த்த, மெல்லிய வாஷ்தான் அதிகம் சுருங்கும். அதாவது துல்லியம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் இழப்பு. கிளினிக்கிலேயே அரை மணிக்குள் டை ஸ்டோன் ஊற்றுபவர் ஒற்றைக் கேப்புக்கு இதை வைத்து ஒழுங்கான வேலை செய்ய முடியும். சாயங்காலம் பார்சல் எடுக்கப் பையன் வரும் வரை மேசையில் கிடந்து, மறுநாள் மதியம் வேறு ஊர் லேபில் ஊற்றப்படும் இம்ப்ரஷனை இதில் எடுக்கவே கூடாது.

இன்னொன்று, கேட்டலிஸ்ட் அளவு. ஸ்கூப்புக்கு இவ்வளவு நீளம் என்று சொன்னதை விட்டுக் கண்ணளவில் பிதுக்கினால் ஒரு நாள் சீக்கிரம் இறுகும், ஒரு நாள் இறுகாமல் மெத்தென்று இருக்கும். எதுவும் ஒரே மாதிரி வராது.

அடிஷன் சிலிகோன் இறுகும்போது துணைப்பொருள் எதுவும் உருவாவதில்லை. அதனால்தான் ஒரு வாரம் கழித்து ஊற்றினாலும், அதே இம்ப்ரஷனில் இரண்டாவது முறை ஊற்றினாலும் அளவு நிற்கிறது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதில் இதை மிஞ்ச வேறு மெட்டீரியல் இல்லை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு கேப்பை மறுபடி செய்யும் செலவோடு பார்த்தால் சிறியது. கிளினிக்கில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், கேப், பிரிட்ஜ் வேலையைக் காண்டன்சேஷனிலிருந்து அடிஷனுக்கு மாற்றுவதைத்தான் முதலில் சொல்வோம்.

மாற்றுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. லேட்டக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம் இதன் பிளாட்டினம் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். அந்தக் கையுறையோடு புட்டி பிசைந்தால் இறுகாது. புட்டியைத் தொடாமல், ப்ரெப் செய்த (கேப்புக்காகச் செதுக்கிய) பல்லையும் ஈறையும் மட்டும் தொட்டாலும் போதும், மார்ஜின் ஓரம் பிசுபிசுப்பாக நிற்கும். வினைல் கையுறைக்கு மாறி, பல்லை நன்றாகக் கழுவ வேண்டும். ஃபெரிக் சல்ஃபேட் போன்ற ஈறு மருந்துகளின் மிச்சமும், புதிதாகப் போட்ட காம்போசிட்டின் (பல் நிற அடைப்புப் பொருளின்) மேற்பரப்பில் இறுகாமல் நிற்கும் படலமும் இதே தொல்லையைத் தரும். காம்போசிட் கோர் கட்டிய பல்லை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டு லைட் பாடி (வாஷாகப் போடும் நீர்த்த சிலிகோன்) போடுங்கள்.

சில அடிஷன் சிலிகோன்களிலிருந்து, இறுகும் வினையால் அல்லாமல் ஒரு பக்கவினையால், முதல் ஒரு மணி நேரம் ஹைட்ரஜன் வெளிவரும். உடனே ஊற்றினால் டையின் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் வரும். பல்லேடியம் சேர்த்த இன்றைய தயாரிப்புகளில் இது குறைவு என்றாலும் ஒரு மணி நேரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. கார்ட்ரிட்ஜ் துப்பாக்கியில் டிப் மாட்டும் முன் பட்டாணி அளவு வெளியே பிதுக்கி, இரண்டு துளையிலிருந்தும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அந்த இம்ப்ரஷன் முழுக்கப் பாழ்.

பாலிஈதருக்கு எங்கே இடம்

1960-களின் நடுவில் ஜெர்மனியிலிருந்து இம்ப்ரெகம் என்ற தயாரிப்பு வந்ததிலிருந்து பாலிஈதரின் பெயர் ஈரத்தோடு சேர்ந்தே வருகிறது. இயல்பிலேயே ஈரத்தோடு ஒத்துப்போவது. அடிஷன் சிலிகோனில் 'ஹைட்ரோஃபிலிக்' என்று எழுதியிருப்பது சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சேர்த்ததால் வந்தது. ஸ்டோன் ஊற்றும்போது அது நன்றாக உதவும், ஆனால் வாயில் இறுகாத நிலையில் எச்சிலையும் ரத்தத்தையும் தள்ளிக்கொண்டு மார்ஜினுக்குப் போவதில் பாலிஈதர் அளவுக்கு வராது. பாலிஈதர் கூட ரத்தக் குட்டையில் வேலை செய்யாது. லேசான ஈரத்தை மன்னிக்கும், அவ்வளவுதான்.

இறுகிய பாலிஈதர் விறைப்பானது. இந்த ஒரே குணம் இம்ப்ளான்ட்டில் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேரில்) வரம், ஆடும் பற்கள் உள்ள வாயில் ஆபத்து. ஈறு இறங்கிப் பற்களுக்கு இடையே கறுப்பு முக்கோணங்கள் தெரியும் வாயில், பிரிட்ஜின் அடியில், அண்டர்கட்டை மெழுகால் அடைக்காமல் பாலிஈதர் எடுத்தால் ட்ரேயைக் கழற்றுவதே போராட்டம். மெல்லிய கீழ் வெட்டுப்பல் டை ஸ்டோன் பிரிக்கும்போது ஒடிவதும் இதனால்தான். அங்கெல்லாம் அடிஷன் சிலிகோன் நல்லது.

பாலிஈதர் தண்ணீரையும் உறிஞ்சும். லேபுக்கு அனுப்பும்போது பாலிஈதர் இம்ப்ரஷனையும் ஈர டிஷ்யூ சுற்றிய ஆல்ஜினேட்டையும் ஒரே பையில் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த ஈரமே பாலிஈதரை உப்பச் செய்யும். தனித்தனிப் பை, பாலிஈதர் பை உலர்வாக, நேர் வெயில் படாமல். கிருமிநாசினியில் 10 நிமிடத்துக்கு மேல் ஊற வைக்கவும் கூடாது.

பாலிசல்ஃபைடு கிழியாத பலத்தில் எல்லாவற்றையும் முந்தும். ஆனால் நாற்றம், கறை, பத்து நிமிடத்துக்கும் மேல் வாயில் காத்திருப்பு, ஒரு மணிக்குள் ஊற்றும் கட்டாயம். கேப் வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்க இன்று காரணம் இல்லை.

புட்டி ஒரே தடவையா, இரண்டு தடவையா

இங்கேதான் வாதம் அதிகம். நல்ல அடிஷன் சிலிகோன் வாங்கியும் கேப் இறுகலாக வருகிறது என்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்த இடத்தில் இருக்கிறது.

ஒரே தடவை முறையில் உதவியாளர் புட்டி பிசையும்போதே டாக்டர் பல்லைச் சுற்றி லைட் பாடி செலுத்துவார், இரண்டும் சேர்ந்தே இறுகும். நேரம் மிச்சம். ஆனால் கெட்டியான புட்டி லைட் பாடியைத் தள்ளிவிட்டு மார்ஜினைத் தானே பிடித்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ 4823 தரப்படி லைட் பாடி 20 மைக்ரான் கோட்டைக் காட்ட வேண்டும், புட்டி 75 மைக்ரான் கோட்டைக் காட்டினால் போதும். மார்ஜின் ஓரத்தில் லைட் பாடியின் நிறம் போய் புட்டி நிறம் தெரிந்தால் அந்த இம்ப்ரஷனை வைத்துக்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, மறுபடி எடுக்க வேண்டியதுதான். புட்டிக்குப் பதில் ஹெவி பாடி (புட்டியை விட இளக்கமான சிலிகோன்) வைத்தால் இந்தத் தள்ளல் வெகுவாகக் குறையும்.

இரண்டு தடவை முறையில் புட்டி முதலில் தனியாக இறுகும், பிறகு வாஷ். வாஷுக்கு இடம் விடாமல் அப்படியே திரும்ப அழுத்தினால், வெளியேற வழியில்லாத வாஷ் இறுகிய புட்டியை நெருக்கித் தள்ளும். வாயில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். வெளியே வந்ததும் புட்டி பழைய இடத்துக்குத் திரும்பும், குழி குறுகும், டை சிறுத்துவிடும். கேப் மாடலில் அழகாக இறங்கும், வாயில் பாதியில் நிற்கும்.

இடம் விடுவதில் மூன்று வழி. பாலித்தீன் தாளை மேலே போட்டுப் புட்டி எடுப்பது எளிது, ஆனால் தாள் சுருங்கி மடிந்து இடம் சீராக வராது. கத்தியால் பல்லிடுக்குச் சுவர்களை வெட்டி வடிகால் பள்ளம் போடுவது அதைவிட நல்லது, கை பழக வேண்டும். சீராக வருவது ப்ரெப் செய்த பல்மேல் 2 மி.மீ. தடிமனில் ஒரு தற்காலிக மூடியை வைத்துப் புட்டி எடுத்து, பிறகு மூடியைக் கழற்றி வாஷ் எடுக்கும் வழி. எங்கும் ஒரே தடிமனில் லைட் பாடி நிற்பதால் சுருக்கமும் ஒரே அளவில் நடக்கும். மூன்றில் நம்பிக்கையானது இதுதான்.

பல்லை ப்ரெப் செய்யும் முன்பே புட்டி எடுத்து வைக்கும் பழக்கமும் உண்டு. ப்ரெப் செய்த பல்லுக்கு அது போதுமான இடம் தரும். பக்கத்துப் பற்களுக்கு ஒரு மி.மீ. கூட இடம் தராது, அங்கே வாஷ் சேர்ந்து ட்ரே முழுதாக இறங்காமல் நின்றுவிடும். பக்கத்துப் பற்களின் குழியையும் அகலப்படுத்தி, அண்ணப் பகுதியில் படிந்திருக்கும் புட்டியையும் நீக்கிவிட்டுத்தான் வாஷ் போட வேண்டும். முதல் புட்டியைக் கழுவி எண்ணெய்ப் பசையும் ஈரமும் இல்லாமல் உலர்த்தாவிட்டால் வாஷ் ஒட்டாமல் தோல் மாதிரி உரிந்து வரும்.

எந்த முறையானாலும் வளையும் பிளாஸ்டிக் ட்ரேயில் புட்டி வேண்டாம். புட்டியின் கனம் ட்ரே சுவரை வெளியே தள்ளும், வாயிலிருந்து எடுத்ததும் சுவர் உள்ளே திரும்பும், டை குறுகும். கையால் இரண்டு சுவரையும் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் அது ஆல்ஜினேட்டுக்குத்தான்.

நீளமான பிரிட்ஜுக்கு, இத்தனை தகராறையும் விட்டுவிட்டு, ஸ்பெஷல் ட்ரேயில் (அந்த வாய்க்கென்றே செய்த ட்ரேயில்) ஹெவி பாடியும் லைட் பாடியும் எடுப்பதே மேல். 2 முதல் 3 மி.மீ. சீரான இடைவெளி, பல் மேல் மூன்று நிறுத்துப் புள்ளிகள். தானே இறுகும் அக்ரிலிக்கில் செய்த ட்ரே பல மணி நேரம் சுருங்கிக்கொண்டே இருக்கும், முந்தின நாளே செய்து வைக்க வேண்டும். லைட் க்யூர் ட்ரேயை அன்றே பயன்படுத்தலாம்.

ஈறு திறக்காவிட்டால் எந்த மெட்டீரியலும் உதவாது

மார்ஜினுக்கு வெளியே குறைந்தது 0.2 மி.மீ. அகலத்துக்கு ஈறு விலகியிருக்க வேண்டும். அதைவிட ஒடுங்கிய இடத்தில் லைட் பாடி நுழைந்தாலும் மெல்லிய சவ்வாக இறுகி, எடுக்கும்போது கிழியும் அல்லது வளையும். மார்ஜின் ஆழமாக இருந்தால் ஈறை விலக்க இரட்டை நூல் முறை. மெல்லிய 000 நூல் அடியில் அப்படியே இருக்கும், மேலே அலுமினியம் குளோரைடில் நனைத்த 0 அல்லது 1 நூல் நாலைந்து நிமிடம் இருந்து, லைட் பாடி தயாரான அந்த நொடியில் வெளியே வரும். உலர்ந்த நூலை உருவாதீர்கள், ஈறின் தோலும் சேர்ந்து வந்து ரத்தம் கசியும். நனைத்துவிட்டு உருவுங்கள். நூல் எடுத்த பிறகு ஈறு சில நொடிகளிலேயே மூடத் தொடங்கும். அதற்குப் பிறகு துப்பாக்கியில் டிப் மாட்டிக்கொண்டிருந்தால் தோற்றாயிற்று.

இம்ப்ளான்ட்: திறந்த ட்ரே, மூடிய ட்ரே

இம்ப்ளான்ட்டுக்குப் பல்லுக்கு இருப்பது போலச் சவ்வு நெகிழ்வு கிடையாது. பிசகை அது விழுங்கிக்கொள்ளாது, ஸ்க்ரூவில் இழுவிசையாக நிற்கும்.

ஒன்று, இரண்டு இம்ப்ளான்ட், ஏறக்குறைய இணையாக என்றால் மூடிய ட்ரேயும், திறந்த ட்ரேயும் (மேலே உள்ள துளை வழியே ஸ்க்ரூவைக் கழற்றி எடுப்பது) சமம். வாய் திறக்க முடியாதவருக்குப் பின்பக்கத்தில் மூடிய ட்ரேதான் நடக்கும். எண்ணிக்கை கூடினால், சாய்வு இருந்தால் திறந்த ட்ரே. மூடிய முறையில் கோப்பிங்கை (இம்ப்ளான்ட்டின் இடத்தை அச்சுக்கு மாற்றும் துண்டை) இம்ப்ரஷனில் கையால் திரும்பச் செருகுகிறோம், ஒவ்வொரு செருகலிலும் ஒரு சின்னச் சுழற்சி, ஒரு சின்ன உயர வித்தியாசம். நான்கு இம்ப்ளான்ட்டில் அவை ஒன்றோடொன்று சண்டை போடும்.

முழுத் தாடைக்குக் கோப்பிங்குகளைப் பேட்டர்ன் ரெசினால் (தானே இறுகும் அக்ரிலிக்கால்) ஒன்றாகக் கட்டி எடுக்க வேண்டும். ஆனால் ரெசினும் சுருங்கும். 24 மணி நேரத்தில் கன அளவில் 6.5 முதல் 8% வரை, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 17 நிமிடத்திலேயே. ஒரே மூச்சில் கட்டிவிட்டு எடுப்பது அந்தச் சுருக்கத்தை அப்படியே மாடலுக்குள் அனுப்புவதாகும். கட்டிய பாலத்தை இம்ப்ளான்ட்டுகளுக்கு நடுவே மெல்லிய டிஸ்க்கால் வெட்டி, 17 நிமிடம் பொறுத்து, வெட்டின கோட்டை மட்டும் துளி ரெசினால் சேர்த்துவிட்டு, பிறகு பாலிஈதரோ விறைப்பான அடிஷன் சிலிகோனோ எடுங்கள்.

ஸ்கேனர்

1985-ல் சூரிக்கில் மொர்மனும் பிராண்டெஸ்டினியும் செரெக் (வாயை ஸ்கேன் செய்து இயந்திரத்தில் செதுக்கும்) முறையில் முதல் இன்லேயை (பல்லுக்குள் பொருத்தும் அடைப்பை) பொருத்தியதிலிருந்து ஸ்கேனர் வெகுதூரம் வந்துவிட்டது. ஒற்றைக் கேப், மூன்று பல் பிரிட்ஜ் வரை நல்ல அடிஷன் சிலிகோனுக்கு இன்றைய ஸ்கேனர் சளைத்ததல்ல. சில இடங்களில் ஒரு படி மேல். ஊற்றும் நேரமும், பார்சல் பெட்டி வெயிலும், கேட்டலிஸ்ட் அளவும் கணக்கிலேயே இல்லாமல் போகின்றன. குறை தெரிந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் அழித்துத் திரும்ப ஸ்கேன் செய்யலாம்.

மெட்டீரியல் முந்துவது இரண்டு இடத்தில். முதலாவது ஈறுக்குக் கீழே போன மார்ஜின். லைட் பாடி ஈறைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். ஸ்கேனர் வெளிச்சம் படும் இடத்தை மட்டும் பார்க்கும். ஒரு சொட்டு ரத்தம் தேங்கினாலும் அதன் மேற்பரப்பையே பல்லாக எண்ணிப் பதிந்துவிடும். ஸ்கேனர் வாங்கினால் நூல் வைக்க வேண்டாம் என்பது தவறு, இன்னும் ஒழுங்காக வைக்க வேண்டும்.

இரண்டாவது முழுத் தாடை. ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்த்துக்கொண்டே போகிறது, ஒவ்வொரு இணைப்பிலும் விழும் பிசகு அடுத்ததோடு கூடும். ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிக்கு வரும்போது குறுக்கு அகலம் மாறியிருக்கும். பல்லே இல்லாத தாடையில், வழுவழுப்பான அசையும் ஈறில், பொருத்த அடையாளமே கிடைக்காமல் திணறும். கடிக்கும் பரப்பை முதலில் ஒரே ஓட்டமாக முடித்து, பிறகு உட்பக்கம், பிறகு கன்னப்பக்கம் என்று தயாரிப்பாளர் சொன்ன வரிசையிலேயே போனால் பிசகு குறையும். முழுத் தாடை இம்ப்ளான்ட் பிரிட்ஜுக்கு வாய்க்குள் எடுத்த ஸ்கேனை மட்டும் நம்பி இறுதி வேலைக்குப் போகச் சொல்ல மாட்டோம்.

பல் செட் வேலையில் துல்லியத்தின் அர்த்தமே வேறு. ஜிங்க் ஆக்ஸைடு யூஜினால் பேஸ்டின் சுருக்கம் 0.1% கூட இல்லை. ஆனால் ஈறு அழுத்தத்துக்கு நகர்வது என்பதால், எந்த இடத்தில் அமுக்குகிறோம், எந்த இடத்தில் சும்மா விடுகிறோம் என்பதுதான் செட் நிற்பதைத் தீர்மானிக்கும். கிரீன் ஸ்டிக் (சூட்டில் இளகும் குச்சி) வைத்து ஓரங்களைப் பதமாக வார்த்துவிட்டு, ஆடும் ஈறு உள்ள இடத்தில் ட்ரேயில் ஜன்னல் வெட்டி, அங்கே மட்டும் அழுத்தமில்லாமல் நீர்த்த மெட்டீரியல் பூசுவது அதற்குத்தான்.

லேபுக்குப் போன பிறகு

24 டிகிரி ஏசி அறையில் எடுத்த அடிஷன் சிலிகோன், 34 டிகிரி லேப் மேசையில் ஊற்றப்பட்டால், பத்து டிகிரிக்குச் சுமார் 0.19% மாற்றம். 24 மணி நேரச் சுருக்கத்துக்கு இது குறைந்ததல்ல, பாலிஈதரில் இன்னும் அதிகம். பார்சல் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றாமல், எடுத்த அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விட வேண்டும். லேபில் ஊற்றும் மூலைக்கு மட்டுமாவது ஏசி இருந்தால் நல்லது.

ஸ்டோன் இறுகும்போது விரிவது இம்ப்ரஷனின் சுருக்கத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும். நான்காம் வகை டை ஸ்டோன் 0.15% வரை, ஐந்தாம் வகை 0.16 முதல் 0.30% வரை விரியும். தண்ணீர் கூட ஊற்றினால் விரிவும் குறையும், பலமும் குறையும். 100 கிராமுக்கு உறையில் 22 மி.லி. என்றிருந்தால் சிரிஞ்சில் அளந்து 22 மி.லி., குழாயடியில் குத்துமதிப்பாக அல்ல. சிலிகோனில் ஊற்றும் முன் குமிழி போக்கும் ஸ்ப்ரே அடித்து, மிச்சத்தைக் காற்றால் ஊதிவிட வேண்டும், தேங்கினால் அந்த இடத்தில் ஸ்டோன் மெத்தாகிவிடும்.

முழுத் தாடை இம்ப்ளான்ட் மாடல் என்றால் ஃபிரேம் செய்யும் முன் அதே மாடலில் ஒரு ஜிக் (இம்ப்ளான்ட்டுகளை இணைக்கும் சோதனைச் சட்டம்) செய்து வாயில் சோதிக்கச் சொல்லி அனுப்புங்கள். ஒரு கோடி ஸ்க்ரூவை மட்டும் முறுக்கி மறு கோடி தூக்குகிறதா என்று பார்ப்பது ஷெஃபீல்டு சோதனை. ஈறுக்குக் கீழே கண் போகாத இடத்துக்கு எக்ஸ்ரே. தூக்கினால் ஜிக்கை அங்கேயே வெட்டி, வாயிலேயே ரெசினால் சேர்த்து, மாடலில் அந்த அனலாக்கை (இம்ப்ளான்ட்டின் நகலை) மட்டும் கழற்றி ஜிக் சொல்லும் இடத்தில் மறுபடி பதிக்க வேண்டும்.